சுமை ஏறும்போது மட்டும்

முதல் வாரம் மெயின் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்தது.
பிளக்கைச் செருகியதும் டப்பென்று வீடே இருட்டு,
ஃபிரிட்ஜ் மூச்சை நிறுத்தும்,
அம்மா குளியலறையிலிருந்து கத்துவாள்.
அது எர்த் தகராறு.
பதினோராம் மாடியில் பூமி என்பது
பச்சையில் மஞ்சள் கோடு போட்ட ஒரு கம்பி.
அதைப் போய் நியூட்ரலோடு முறுக்கி வைத்திருந்தான் பரிதி.
பிரித்தேன். ஒழிந்தது.

இது வேறு. இது ஒளிந்து விளையாடுகிறது.

புளோக் அடியில் யாரோ கழித்துப்போட்ட அலமாரிதான் உடம்பு.
பக்கவாட்டில் இன்னும் ஒரு ஸ்டிக்கர், பாதி டைனோசர்.
பன்னிரண்டு பட்டனும் சிம் லிம் டவரில் வாங்கியவை.
முகாமுக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு முழுக்க
கம்பி நுனிகளைக் குறடால் நெரித்து நெரித்து
பரிதியே மாட்டினான்.
செவ்வாயன்று தெக்கோங்கில் அவனுக்கு மொட்டை.

கப்பல் பறக்கும். எதிரிகள் வரிசையாய் இறங்குவார்கள்.
முதல் குண்டு வெடித்ததும்
திரை மூலையில் ஒரு சின்ன மஞ்சள் மின்னல்,
பிறகு கறுப்பு,
பிறகு ஒன்றுமே நடக்காதது போல
ஆரம்பத்திலிருந்து.

மீட்டரை வைத்தால் 5.08.
டாக்டரைப் பார்த்ததும் ஓடிப்போகும் பல்வலி.
சும்மா இருக்கும்போது எல்லாரும் ஐந்து வோல்ட்தான்.

சப்ளையை மாற்றினேன், பழையதே தேவலை.
ஒலிபெருக்கியைக் கழற்றினால் ஊமையாய் நின்று விளையாடுகிறது,
மாட்டினால் விழுகிறது.
வெடிக்கும் அந்தக் கணத்தில் அளக்க வேண்டும்.
சிவப்பு முனைக்கு ஒரு கை, கறுப்பு முனைக்கு ஒரு கை,
விளையாட மூன்றாவது கை என்னிடம் இல்லை.
அம்மாவைக் கேட்டேன்.
"ஷாக் அடிச்சா யாரு சமைப்பா?" என்று
கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரவு ஒன்றே கால். இரும்புக் கதவில் சாவி தட்டும் சத்தம்.
எதிர்வீட்டுக் கோ,
டாக்சியை நிறுத்திவிட்டு வந்தவர்,
சட்டையில் இன்னும் ஏர்கான் குளிர்.
"மூணு நாளா ராத்திரியில குண்டு. என்ன, சண்டையா?"
மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்,
வாய் வேறொன்றைக் கேட்டுவிட்டது:
"அங்கிள், கொஞ்சம் விளையாட முடியுமா?"

யோசித்தார். ஷூவைக் கழற்றினார்.

நான் அலமாரியின் முதுகுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.
அங்கிருந்து அவர் வெறும் முழங்கால்கள்.
"சுடுங்க."
5.02. 4.97.
"பெருசா ஏதாவது சுடுங்க."
4.41.
"ஐயோ" என்றார் கோ.
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு இனம் கிடையாது.

கறுப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாய் நகர்த்தினேன்,
அவர் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து செத்தார்.
ஏழாவது சாவில் விரலில் லேசான சூடு.
ஒலிபெருக்கிக்கும் போர்டுக்கும் பொதுவான கறுப்புக் கம்பி.
பார்த்தால் கெட்டி. இழுத்தால் வராது.
நெரித்த நெரிப்பு செம்பில் விழவில்லை,
பிளாஸ்டிக் உறையில் விழுந்திருந்தது.
உள்ளே இரண்டு இழை மட்டும் தொட்டுக்கொண்டு
அத்தனை வெடிப்பையும் சுமந்திருக்கின்றன.

தீவில் விட்டுவிட்டுத் திரும்பும்போது
அவனைக் கட்டிக்கொண்டேன்.
என் கைக்கு வந்ததும் பைப் பட்டைதான்.

வெட்டி, உரித்து, செம்பைத் தேடி நெரித்தேன்.
ஈயமும் வைத்தேன், நம்பிக்கைக்கு அல்ல, பயத்துக்கு.
"இப்ப சுடுங்க."
5.04. ஐந்துக்குக் கீழே இறங்க மறுக்கிறது.
"முடிஞ்சது அங்கிள், தேங்க்ஸ்."
முழங்கால்கள் நகரவில்லை.

இரண்டு ஐம்பதுக்குத்தான் தோற்றார்.
திரை பெயர் கேட்டது, மூன்றே எழுத்து.
இளம்பரிதி,
எந்த இடத்தில் வெட்டினாலும் ரத்தம் வரும் பெயர்.
கோவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை.
ஆங்கிலத்தில் சரியாக மூன்று,
குடும்பப் பெயர் முழுசாய் ஏறி உட்கார்ந்துவிட்டது
முதலிடத்தில்.

சனிக்கிழமை அவனுக்கு முதல் விடுப்பு.
வெட்டிய நுனியைக் குப்பையில் போட்டாயிற்று,
சொல்லப்போவதில்லை.
யார் இந்த ஆள் என்றுதான் முதலில் கேட்பான்.